ஹமீதின் அரைமணி நேரத் தண்ணீர்

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வருவதற்காக அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். அதைக் கேட்க மூன்று நாள் ஆயிற்று.

கேள்வி என்னுடையது அல்ல, மீரானின் உம்மாவுடையது. மீரான் ஜித்தாவில், ஷரஃபியாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். நான் அங்கே மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இருவரும் ஒரே ரூமில் கிடந்தோம். பிறகு நான் பஹ்ரைன் போனேன், மஸ்கட் போனேன், இப்போது ஷார்ஜா தொழில்பேட்டை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஓர் இடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிப்பதில்லை. அவன் பதினொரு வருடமாக அதே கடையில் அதே மூலையில் நிற்கிறான்.

அவனுடைய வாப்பா சாகுல் ஹமீது, இந்தப் பக்கத்து மலைக்குள் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்த்தவர். மீரானுக்கு நாலு வயதாக இருக்கும்போது இங்கேயே இறந்துபோனார். ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளத்தாக்கில் மளிகைக்கடை வைத்திருந்த மலையாளி ஒருவர் எழுதியது. ஹமீது மௌத்தாகிவிட்டார், இங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்று இரண்டு வரி. உறையில் கடையின் முத்திரை மட்டும் இருந்தது. அந்த முத்திரையைப் பார்த்து ஊரிலிருந்து எழுதிய கடிதம் எதற்கும் பதில் வரவில்லை.

முப்பது வருடத்துக்கு மேலாக உம்மா ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைக் குளிப்பாட்டியது யார்?

இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி அடக்குவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய கடமை என்பது மீரானோடு இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வேதக்காரன், கிறிஸ்தவன். எங்கள் கடற்கரையில், கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்கு வெறும் பெட்டியை வைத்துப் பூசை வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அதற்குப் பிறகும் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்வி எனக்கு விளங்கியது.

"நீ சும்மாதானல இருக்க," என்றான் மீரான் போனில். "திங்கக்கிழமதான் புது டூட்டின்னு சொன்ன. வியாழக்கிழம போனா ஞாயித்துக்கிழம வந்துரலாம்."

"ஜூலை மாசத்துல மலைக்குள்ளயா? நீ வந்து போயேன்."

"எனக்கு யாருல விசா குடுப்பா? உம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் மங்கிக்கிட்டு வருது. பார்வ இருக்கும்போதே ஒரு போட்டோவாவது பாத்துக்கிடட்டும்."

அன்று மாலை உம்மாவே ஊரிலிருந்து கூப்பிட்டார். பிள்ளைகளைச் செல்லமாக வாப்பா என்பது அவர் வழக்கம். "சேவியர் வாப்பா, அங்க போயி யார்கிட்டயும் சண்டைக்கு நிக்காத. குத்தம் சொல்லாத. குளிப்பாட்டுனது யாருன்னு மட்டும் கேட்டுட்டு வா."

மலையடிவாரச் சிற்றூர் வரை பஸ் போகிறது. அதற்கு மேல், ஆட்டுக்குப் புல்கட்டு ஏற்றிப் போன ஒரு பழைய பிக்கப்பைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டியவர் ஷேர் கான் என்ற பட்டாணி. தாடிக்கு மருதாணி போட்டிருந்தார்.

"உள்ள எடமில்ல, ஆடு உக்காந்திருக்கு," என்றார் இந்தியில். உண்மையாகவே முன் சீட்டில் ஒரு கிடா உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

"ஆடு மேல உக்காரட்டுமே, பாய்?"

"அது காசு குடுத்து வாங்கினது. நீ சும்மா வர்றவன்."

புல்கட்டின் மேல் ஏறிக்கொண்டேன். பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. காய்ந்து கிடக்கும் காட்டாற்றின் கூழாங்கல் படுகைதான் பாதை. இரண்டு பக்கமும் மலை. எங்கள் பக்கத்து மலைகள் எவ்வளவு காய்ந்தாலும் ஒரு கள்ளிச்செடியாவது வைத்திருக்கும். இந்த மலையில் ஒரு புல் கிடையாது. கருகிய இரும்பை உடைத்துக் குவித்த மாதிரி இருந்தது. கையை ஓரத்தில் வைத்தேன், தகரம் சுட்டது.

முக்கால்வாசித் தூரத்தில் வண்டியின் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. ஷேர் கான் இறங்கி வந்து, கேட்காமலே என் தண்ணீர் பாட்டிலை வாங்கி ரேடியேட்டரில் கவிழ்த்தார்.

"அது நான் குடிக்க வச்சிருந்தது," என்றேன்.

"நீ குடிச்சா நீ மட்டும் போவ. வண்டி குடிச்சா நாம மூணு பேரும் போவோம்."

வண்டி குடித்தது. ஆனால் போகவில்லை. "கிட்டதான், ஒரு மணி நேர நடை. எந்த வீட்டுக் கதவையும் தட்டாத, உன்னப் பாத்தாலே போதும்," என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோடு வண்டி நிழலில் உட்கார்ந்தார்.

நடந்தேன். கொஞ்ச தூரத்தில் செருப்பின் வார் அறுந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். மஸ்கட்டில் இதைவிடக் கெட்ட வெயிலில் கம்பி சுமந்திருக்கிறேன், ஆகவே பயம் ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாததால் அடிகளை எண்ணினேன். ஆயிரத்துக்குப் பிறகு அதையும் விட்டேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. தண்ணீர்ச் சத்தம். வெயிலில் காது ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் நின்றுவிட்டேன்.

பள்ளத்தாக்கு முழுவதும் பேரீச்சை. இவ்வளவு நேரம் பார்த்த கறுப்புக்கு நடுவே யாரோ பச்சையை வாளியோடு கொட்டிவிட்ட மாதிரி. உயரமான மரங்களின் கீழே எலுமிச்சை, அதன் கீழே மாட்டுக்குப் புல், அதற்கும் கீழே ஈர மண். மரங்களுக்கு இடையில், என் முழங்கை நீள அகலத்தில் ஒரு கல் வாய்க்கால். மலைக்குள்ளிருந்து குடைந்து கொண்டுவந்த தண்ணீர் அதில் கண்ணாடி மாதிரி ஓடியது. இதை ஃபலஜ் என்கிறார்கள். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எவரோ மலையின் வயிற்றுக்குள் தவழ்ந்துபோய் வெட்டிக்கொண்டு வந்த தண்ணீர், அன்றைக்கு என் காலுக்கு வந்தது. கால்களை உள்ளே வைத்தேன். விரல் நீள மீன்கள் வந்து புண்ணான இடத்தைக் கொத்தின. நான் எத்தனையோ கடலைப் பார்த்தவன். ஆனாலும் ஒரு முழ அகலத் தண்ணீரைப் பார்த்து இப்படி வாயடைத்து உட்கார்ந்தது அன்றுதான்.

வாய்க்காலின் மறுகரையில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பனியன், இடுப்பில் நம் ஊர் லுங்கி மாதிரியே ஒன்று. நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாண்டி வந்து என் தோளைப் பிடித்து எழுப்பி, வெயிலிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்.

அவர்தான் அபு காலித். ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளத்தாக்கில் மொத்தம் பதினைந்து வீடுகூட இல்லை, எல்லாம் ஒரே குடும்பம். வருகிற எவனும் அவருடைய மஜ்லிஸில்தான் தங்குகிறான். மஜ்லிஸ் என்பது விருந்தாளிகள் உட்காரும் கூடம். கதவுக்குப் பூட்டே இல்லை. உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளத்தாக்கின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். "பேர எழுதினா லீவு நாளெல்லாம் கார் வரும். பாட்டிலப் போட்டுட்டுப் போகும்."

மோர் வந்தது. அன்று காலை மரத்திலிருந்து இறக்கிய பேரீச்சம்பழம் வந்தது. பாதி பழுத்து, வெல்லப்பாகு மாதிரி வாயில் கரைந்தது. சின்னக் கோப்பையில் ஏலக்காய்க் காபி வந்தது. போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பது ஜித்தாவிலேயே எனக்குத் தெரியும். ஆட்டினேன். அவருக்கு இந்தி ஓரளவு வந்தது, எனக்கு சைட்டில் பொறுக்கிய அரபி. இரண்டையும் கலந்து பேசினோம்.

"நான் ஒரு விஷயமா வந்தேன்," என்று ஆரம்பித்தேன்.

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். "சாப்பிடு. விஷயம் எங்கயும் போகாது."

ஷேர் கான் வழியில் நிற்பதைச் சொன்னேன். தோட்டத்தில் வேலை பார்க்கும் ஜமாலை உடனே லேண்ட் க்ரூசரோடு அனுப்பினார். ஜமால் வங்காளதேசத்துக்காரர், எட்டு வருடமாக அங்கே இருக்கிறார். பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கிடா அப்போதும் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அது சோற்றின் மேல் வந்தது. நாலு பேர் சுற்றி உட்காரும் தட்டு. என் பக்கம் மட்டும் கறி குறையவே இல்லை. அபு காலித் தன் பக்கத்திலிருந்து பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

"மச்சக்கார ஆளு நீ," என்று ஷேர் கான் என்னிடம் சொன்னார். "உனக்காகத்தான் அது முன் சீட்டுல வந்திருக்கு. நான் தப்பா நெனச்சுட்டேன்." கறியோடு இன்னொரு தட்டில் மாலிஹ் என்று ஒன்று வைத்தார்கள். உப்பில் ஊறிய நெய்மீன். மூடியைத் திறந்ததும் எங்கள் ஊர்க் கருவாட்டுக் கொட்டகை வாசனை. எனக்குக் கண் கலங்கியது, காரத்தால் இல்லை.

சாப்பிட்ட பிறகு மறுபடியும் ஆரம்பித்தேன். "அபு காலித், நான் வந்தது ஒருத்தரப் பத்தி..."

"படு. வெயில் இறங்கட்டும்," என்று தலையணையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

எங்கள் ஊரில் வேற்றாள் ஒருவன் தெருவுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு பேர் விசாரித்துவிடுவார்கள். யார் மகன், யாரைப் பார்க்க, என்ன சோலி. இங்கே இரண்டு நாள் ஆகியும் என் பெயரைக் கூடச் சரியாகக் கேட்கவில்லை. வளைகுடாவில் இத்தனை வருடத்தில் என்னை எல்லோரும் 'ரஃபீக்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். கூலியாளைக் கூப்பிடும் வார்த்தை. இவர்கள் 'விருந்தாளி' என்று கூப்பிட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் விருந்தாளி வாயைத் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

மாலையில் ஜமாலோடு தோட்டத்தில் நடந்தேன். வாய்க்கால் ஒன்றுதான், தோட்டம் பல. எட்டு நாளுக்கு ஒரு சுற்று. அதற்குள் ஒவ்வொரு பங்குக்கும் இத்தனை நேரம் என்று தண்ணீர். கிளை வாய்க்காலின் வாயைத் துணி சுற்றிய ஒரு கல் அடைத்திருக்கும். நேரம் வந்ததும் அதை உருவி அடுத்த வாயில் சொருக வேண்டும். முன்பு நட்டுவைத்த கம்பின் நிழலைப் பார்த்து நேரம் சொன்னார்களாம். கம்பு இப்போதும் நிற்கிறது. ஜமால் போனில் அலாரம் வைத்திருந்தார். அலாரம் அடித்ததும் நிழலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"போன் தப்பு பண்ணும். இது பண்ணாது," என்றார். பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டே, மரங்களுக்கு மேலே குரல் போகும்படி "ராஷித்!" என்று கூவினார். தூரத்தில் யாரோ "வந்தேன்!" என்று பதில் கொடுத்தார்கள். தண்ணீர் திரும்பியது.

"யார் பங்கு ஆரம்பிக்குதோ அவங்க பேரக் கூப்பிடணும். பதில் வந்தாத்தான் தண்ணி விடணும். இங்க அப்படித்தான்."

தோட்டத்தின் கடைசியில், ஒரு தாழ்ந்த கல் சுவருக்குப் பின்னால், இறந்தவர்களை அடக்கும் மையவாடி தெரிந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு கல். எதிலும் பெயர் இல்லை.

"இங்க ஒரு இந்தியாக்காரர் கபர் இருக்கா, ஜமால் பாய்?"

அவர் முகம் மாறியது. "அத அபு காலித்கிட்டதான் கேக்கணும்."

போனுக்கு சிக்னல் வேண்டுமானால் மஜ்லிஸின் பின்னால் இருக்கும் பாறையில் ஏற வேண்டும். ஏறி மீரானைக் கூப்பிட்டேன்.

"மறைக்கிறாங்கல," என்றான் உடனே. "ஏதோ நடந்திருக்கு. இல்லன்னா ஏன் வாயத் தொறக்க விடமாட்டேங்கான்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செத்த மனிதனைக் கிணற்றில் தள்ளியிருப்பார்களோ, குழி தோண்டிச் சும்மா மூடியிருப்பார்களோ என்றெல்லாம் மனம் ஓடியது. உம்மா சொன்னதை நினைத்துக்கொண்டேன். சண்டைக்கு நிற்காதே.

சனிக்கிழமை காலை, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஜமாலிடம் போய் உட்கார்ந்தேன். நான் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. "நாளைக்கு நான் போயாகணும், திங்கக்கிழம டூட்டி. உங்க முதலாளி ஏன் எதையோ மறைக்கிறார்?" என்று நேராகவே கேட்டேன்.

ஜமால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மறைக்கிறாரா? பைத்தியமா நீ? விருந்தாளிகிட்ட மூணு நாளைக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கக் கூடாது. நீயாச் சொல்ல வந்தாலும் தடுக்கணும். கேட்டா, சீக்கிரம் சொல்லிட்டுக் கெளம்புன்னு அர்த்தம் ஆயிடும். அந்தாளு ரெண்டு நாளா தூங்கவே இல்ல, நீ எதுக்கு வந்திருப்பேன்னு."

"எனக்கு மூணு நாள் இல்லையே."

"அப்ப ஒரு வழி இருக்கு. காபி குடுப்பார். வாங்கு, குடிக்காத. உன் முன்னால தரையில வை. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் கேட்டே ஆகணும்."

மாலை அஸர் தொழுகை முடிந்து அபு காலித் தன் இரண்டு சித்தப்பா மகன்களோடு மஜ்லிஸுக்கு வந்தார். ஷேர் கானும் ரேடியேட்டரைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பேரீச்சம்பழம் சுற்றி வந்தது. இடது கையில் கெண்டியைப் பிடித்து, வலது கையால் அபு காலித் எனக்குக் கோப்பையை நீட்டினார். வாங்கினேன். கம்பளத்தின் மேல், என் முழங்காலுக்கு முன்னால் வைத்தேன்.

பேச்சு நின்றது. சித்தப்பா மகன் ஒருவர் வாயில் போட்ட பழத்தை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். அபு காலித் என் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காபியக் குடி," என்றார் மெதுவாக. "நீ எதுக்கு வந்தியோ அது கெடச்சாச்சு."

"நான் இன்னும் கேக்கலையே."

"எங்கிட்ட இருந்தா அது உன்னோடது. கேளு."

எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த அரபி முழுக்க மறந்துபோயிற்று. "ஹமீது," என்றேன். "இந்தியாக்காரர். இந்தத் தோட்டத்துல வேலை பாத்தார். இங்க இறந்தார். அவர் சம்சாரம் கேக்கச் சொன்னாங்க. அவரக் குளிப்பாட்டினது யாரு?"

அபு காலித் கெண்டியைக் கீழே வைத்தார். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"நான்," என்றார்.

அப்போது அவருக்கு இருபது வயது. ஹமீது மரம் ஏறிக் குலையை இறக்கிவிட்டுக் கீழே வந்தார். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் மலையில் மழை பெய்து காட்டாற்றில் வெள்ளம். ஐந்து நாளைக்கு யாரும் வெளியே போக முடியாது. அபு காலித்தின் தகப்பனார் சொன்னாராம், இவன் நம் வீட்டுக்கு வந்தவன், வேறு யாரும் இவனைத் தொட வேண்டாம் என்று.

"மலைக்குள்ளேருந்து தண்ணி முதல்ல வெளிய வர்ற எடம் இருக்கு. எங்க குடும்பத்துல செத்தவங்கள மட்டும்தான் அங்க குளிப்பாட்டுவோம். அங்கதான் கொண்டுபோனோம். எங்க வாப்பா தண்ணி ஊத்தினார், நான் கழுவினேன். வலது உள்ளங்கையில மட்டையோட முள்ளு ஒண்ணு ஒடிஞ்சு உள்ள இருந்தது. எத்தன நாளா இருந்ததோ, வெளிய சொல்லல. மொத அத எடுத்தேன். அப்புறம்தான் கையக் கழுவினேன். நாங்க எல்லாரும் நின்னு தொழுதோம். கடைக்காரர்கிட்ட சொல்லி லெட்டர் போட்டோம். அவரும் கொஞ்ச நாள்ல கடைய மூடிட்டுப் போயிட்டார். ஒருத்தரும் வரல. கேக்கவும் இல்ல. எங்கமேல கோபம்னு நெனச்சுக்கிட்டோம்."

ஊரிலிருந்து கடிதங்கள் எழுதியதை, பூட்டிய கடைக்கு அவை போயிருக்கும் என்பதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஷேர் கான் துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

"காபி ஆறுது," என்றார் அபு காலித். ஒரு வாய் குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது. அவர் அதைப் பிடுங்கிக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றினார்.

பிறகு என்னை மையவாடிக்கு அழைத்துப் போனார். நான் உங்கள் மார்க்கத்து ஆள் இல்லை என்று சுவருக்கு வெளியே நின்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சுவரிலிருந்து மூன்றாவது. இரண்டு கல். சுவருக்கு அப்பால், கைநீட்டும் தூரத்தில் தனியாக ஒரு பேரீச்சை மரம், குலை குலையாகக் காய்த்து நின்றது.

"எங்க வாப்பா தன் பங்குலேருந்து அரைமணி நேரத் தண்ணிய ஹமீது பேருக்கு எழுதி வச்சார். அந்தத் தண்ணி இந்த மரத்துக்கு. பழம், வழியில போற யாருக்கும். வேலைக்கு வர்ற ஆளுங்க பறிச்சுத் தின்பாங்க. அடுத்த முறை திங்கக்கிழம காலையில." என் முகத்தைப் பார்த்தார். "நீ பாத்துட்டுப் போ."

ஞாயிறு காலை பாறையில் ஏறி ஃபோர்மேனைக் கூப்பிட்டு ஒரு நாள் லீவு கேட்டேன்.

"சேராத டூட்டிக்கு லீவா?" என்றார். "வேற ஆளு பாத்துக்கறேன். கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. எனக்கு இது முதல் தடவை இல்லை. பாறையிலிருந்து இறங்கி ஷேர் கானோடு சேர்ந்து ரேடியேட்டரை மாட்டினேன். அன்று மதியம் தண்ணீர் வெளியே வரும் இடத்தையும் போய்ப் பார்த்தேன். பாறையில் ஓர் ஆள் குனிந்து நுழையும் இருட்டு வாய். அதிலிருந்து ஓசையே இல்லாமல் தண்ணீர் வருகிறது. முன்னால் வழவழவென்று தேய்ந்த ஒரு கல்.

திங்கட்கிழமை சூரியன் மலைக்கு மேலே வந்த சற்று நேரத்தில் எல்லோரும் சுவர் ஓரம் நின்றோம். நான் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தேன். கம்பின் நிழல் தரையில் பதித்த அடுத்த அடையாளக் கல்லைத் தொடப் போயிற்று. ஜமாலின் அலாரம் அடித்தது. மேல் தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் நின்ற ஆள், மரங்களுக்கு மேலே குரலைத் தூக்கிக் கூவினார்.

"ஹமீது!"

உம்மாவும் மீரானும் ஊரில் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வருடமும், எட்டு நாளைக்கு ஒரு முறை, இந்த மலைகளுக்கு நடுவில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் வரும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அபு காலித் வழக்கமாகத் தானே பதில் சொல்வாராம். அன்று சொல்லவில்லை. முழங்கையால் என்னை இடித்தார். மேலே இருந்தவர் இரண்டாம் தடவை கூவினார்.

"வந்தேன்!" என்றேன். தமிழில்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஜமால் கல்லை உருவினார். தண்ணீர் முதலில் நாலு காய்ந்த இலையைத் தள்ளிக்கொண்டு வந்தது, பிறகு தெளிந்து, சுவரின் கீழே வளைந்து, மரத்தின் பாத்தியில் சுற்றி நின்றது. அரைமணி நேரமும் நான் படம் பிடித்தேன். கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.

பாறையில் ஏறி அனுப்பினேன். முள்ளைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பாறை சூடேறியது. பிறகு மீரான் ஒரே வார்த்தை அனுப்பினான்: "கேட்டோம்." அதன் பின்னால் உம்மாவின் குரல் வந்தது.

"சேவியர் வாப்பா. மீரான் வாப்பா கையில முள்ளு இருந்தா வெளிய சொல்லமாட்டாக. இங்க இருக்கயிலயும் அப்படித்தான். நாந்தான் பாத்து எடுப்பேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எடுத்த அந்தப் புள்ளைட பேரு என்ன? அவுக வாப்பா பேரு என்ன? கேட்டுச் சொல்லு. நான் அஞ்சு வேளையும் தொழுவுறப்ப அந்த ரெண்டு பேரயும் சொல்லிக் கேக்கணும்."

பெயர். காலித் அவருடைய மூத்த மகன். அபு காலித் என்றால் காலித்தின் தகப்பன் என்று அர்த்தம். அது பெயரே அல்ல. நாலு நாளாக அவர் தட்டில் தின்று, அவர் தலையணையில் படுத்து, அவர் மேல் சந்தேகமும் பட்டவன் நான். அவர் பெயரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பாறையிலிருந்து இறங்கினேன். கீழே ஷேர் கான் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். முன் சீட்டு காலி. அங்கே மூன்று பெட்டி பேரீச்சம்பழம் ஏற்றியிருந்தார்கள், சுவர் ஓரத்து மரத்தில் பறித்தது. "ஏறு, யால்லா," என்றார். கொஞ்சம் இருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு மஜ்லிஸுக்குள் போனேன். அபு காலித் உட்கார்ந்திருந்தார். வழியனுப்பும் காபியை ஊற்றி நீட்டினார்.

வாங்கி, குடிக்காமல், தரையில் வைத்தேன்.